வரிசையில் நிற்காதவரின் விமர்சனம்: தீம் பார்க் பைத்தியங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பினாங்கு தெலுக் பகாங்கில் உள்ள எஸ்கேப் பூங்காவின் நீர்ச்சறுக்கு 1,111 மீட்டர் நீளம். 2019இல் கின்னஸ் சாதனை ஆனது. அவ்வளவு நீளத்துக்கும் சறுக்கி முடிக்க ஏறத்தாழ நான்கு நிமிடம்தான். மற்ற சவாரிகளைச் சொல்லவே வேண்டாம். ஒரு ரோலர் கோஸ்டர் ஒன்றிரண்டு நிமிடத்தில் உங்களை இறக்கி விட்டுவிடும். பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை சன்வே லகூனுக்கோ கெந்திங் ஸ்கைவேர்ல்ட்ஸுக்கோ குடும்பத்தோடு போய்விட்டு, இருக்கையில் உட்கார்ந்திருந்த நேரத்தை மட்டும் கூட்டிப் பாருங்கள். அரை மணி தேறினால் அதிர்ஷ்டம். மீதியெல்லாம் வரிசை, நடை, வெயில், மழைக்கு ஒதுங்கல், சாப்பாடு, கழிவறை. டிக்கெட் காசில் பெரும்பகுதி காத்திருப்புக்குத்தான் போகிறது.

அதே பூங்காவுக்கு விமர்சகர் ஒருவர் அழைப்பின் பேரில் வருகிறார். கையில் வரிசையைத் தாண்டவைக்கும் எக்ஸ்பிரஸ் பட்டை, முன்னால் வழிகாட்ட ஓர் ஊழியர், மதியத்துக்கு உணவு கூப்பன். மூன்று மணி நேரத்தில் எல்லாவற்றிலும் ஏறி முடித்து, ‘செம்ம அனுபவம், கட்டாயம் போங்க’ என்று வீடியோ போடுகிறார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் பார்த்த பூங்காவுக்குள் நாம் போகவே முடியாது.

கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் தமிழில் தீம் பார்க் வீடியோ போடுகிறவர்கள், எழுதுகிறவர்கள், போட ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். இவர்களில் காசு வாங்கிக்கொண்டு புளுகுகிறவர்கள் மிகக் குறைவு என்றே நினைக்கிறேன். பெரும்பாலானோர் ஆசையால் வந்தவர்கள். கவனம் அதிகம் தேவைப்படுவதும் அவர்களுக்குத்தான்.

படி 1: பைத்தியம் எவ்வளவு என்று பாருங்கள்

ரோலர் கோஸ்டர் ரசிகர்களுக்கு அமெரிக்காவில் 1978லேயே சங்கம் வந்துவிட்டது. ஏறிய ஒவ்வொரு கோஸ்டரையும் இவர்கள் ‘கிரெடிட்’ என்று கணக்கு வைப்பார்கள். நாலு வயதுப் பிள்ளைகள் ஏறும் கம்பளிப்பூச்சி வண்டியிலும் கூச்சப்படாமல் ஏறுவார்கள். கணக்கில் ஒன்று கூடுமே! நம் ஊரிலும் இந்த ஜாதி உண்டு. பெர்ஜாயா டைம்ஸ் ஸ்குவேரில் சட்டை வாங்கப் போனவர் தலைக்கு மேல் கூச்சல் கேட்டு அண்ணாந்து பார்ப்பார். ரசிகரோ, அது சுவிட்சர்லாந்தின் இன்டமின் நிறுவனம் செய்த சூப்பர்சோனிக் ஒடிசி, 2003இலிருந்து மாலுக்குள் ஓடுகிறது, தண்டவாளம் சுமார் 800 மீட்டர் என்று ஒப்பிப்பார்.

கெந்திங் கதை இந்த ஆசையை எப்படி வளர்த்தது என்று பாருங்கள். மலைமேல் இருந்த பழைய வெளிப்புறப் பூங்கா 2013 செப்டம்பரில் மூடியது. ஃபாக்ஸ் திரைப்பட நிறுவனத்தின் பெயரில் புதுப் பூங்கா வரும் என்று அந்த ஆண்டே அறிவித்துவிட்டார்கள். பிறகு டிஸ்னி ஃபாக்ஸை வாங்க முன்வந்தது, பூங்கா ஒப்பந்தம் முறிந்தது, 2018 நவம்பரில் கெந்திங் மலேசியா அமெரிக்காவில் வழக்குப் போட்டது, 2019 ஜூலையில் சமரசம் ஆனது, இடையில் கோவிட். கடைசியில் 2022 பிப்ரவரி 8ஆம் தேதி, ஸ்கைவேர்ல்ட்ஸ் என்ற பெயரில் 26 ஏக்கரில் திறந்தது. எட்டு ஆண்டுக்கு மேல் காத்திருந்தவருக்கு அந்த வாசலுக்குள் கால் வைப்பதே கோயில் நுழைவு மாதிரி. அவரிடம் போய்ப் பூங்கா எப்படி என்று கேட்டால் என்ன பதில் வரும்?

ஆகவே முதல் வேலை ஒரு சின்னப் பரிசோதனை. உங்களுக்கு மிகப் பிடித்த பூங்காவின் மூன்று குறைகளை, யோசிக்காமல், இப்போதே எழுதுங்கள். பேனா நின்றுவிட்டால் நீங்கள் ரசிகர். யாரோ முன்பின் தெரியாத ஒருவர் அந்தப் பூங்காவைத் திட்டி எழுதியதைப் படித்து உங்களுக்குக் கோபம் வந்தாலும் அப்படித்தான். ரசிகராக இருப்பதில் தப்பே இல்லை, அதை மறைக்காத வரை. ‘நான் இங்கே ஆண்டு பாஸ் வைத்திருக்கிறேன், இந்த இடம் எனக்குப் பிடிக்கும்’ என்று விமர்சனத்தின் தொடக்கத்தில் ஒரு வரி சொல்லிவிட்டால், கேட்கிறவர் உங்கள் பாராட்டில் எவ்வளவு கழிக்க வேண்டும் என்று தானே முடிவு செய்வார்.

படி 2: எதெல்லாம் சலுகை

இலவச டிக்கெட் மட்டும்தான் சலுகை என்று பலர் நினைக்கிறார்கள். என் கணக்கில் அது ஆபத்து குறைந்த சலுகை. டிக்கெட் விலை யாருக்கும் தெரியும். ‘இலவசமாகப் போனேன்’ என்றால் பார்க்கிறவர் மனத்தில் விலையைக் கூட்டிக்கொள்வார். அனுபவத்தையே மாற்றிவிடும் சலுகைகள்தான் விமர்சனத்தைக் கெடுக்கின்றன.

அவற்றில் முதலிடம் வரிசையைத் தாண்டும் எக்ஸ்பிரஸ் பாஸுக்கு. அடுத்தது பொதுமக்கள் வராத நாள்: ஊடக நாள், சோதனைத் திறப்பு, ரசிகர் சங்கங்களுக்கு மட்டும் காலையில் ஒரு மணி நேரம் முன்னதாகத் திறந்துவிடுவது. அன்றைக்கு எல்லா ஊழியர்களும் பணியில் இருப்பார்கள், எல்லாம் துடைத்து வைத்திருப்பார்கள். மூன்றாவது, கூடவே வரும் ஊழியர். அவர் எந்தச் சவாரி நின்றிருக்கிறதோ அந்தப் பக்கமே உங்களை அழைத்துப் போக மாட்டார்.

பேட்டரி வண்டிச் சவாரியைக்கூட சாதாரணமாக நினைக்காதீர்கள். சன்வே லகூன் பழைய ஈயச் சுரங்கப் பள்ளத்தில் 1993இல் எழுந்த பூங்கா. உள்ளே இறங்கினால் ஏற்றமும் இறக்கமும்தான். முழங்கால் வலிக்கிற பாட்டியை அழைத்துப் போகலாமா என்பதுதான் குடும்பத்தில் முதல் கேள்வி. வண்டியில் சுற்றியவரால் இதற்கு என்ன பதில் சொல்ல முடியும்?

1993இல் நியூயார்க் டைம்ஸ் உணவு விமர்சகர் ரூத் ரைக்கல், லெ சர்க் என்ற புகழ்பெற்ற உணவகத்துக்கு முதலில் மாறுவேடத்தில் சாதாரண ஆளாகப் போனார். பிறகு போனபோது அவர் யார் என்று உணவகத்தார் கண்டுகொண்டார்கள். இரண்டு நிலையிலும் நடத்திய விதத்தை அப்படியே பக்கத்துப் பக்கத்தில் எழுதி, உணவகத்தின் நான்கு நட்சத்திரத்தை மூன்றாக்கினார். ஒரே உணவகம், ஒரே சமையலறை. உட்கார்ந்த ஆள் மட்டும் வேறு. தீம் பார்க்கில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது, ஏனென்றால் இங்கே நேரமே சரக்கு.

வெளியே தெரியாத சலுகைகளும் உண்டு. தள்ளுபடிக் குறியீடு: ‘என் கோடு போட்டால் பத்து விழுக்காடு குறையும்’ என்கிறீர்கள், விற்கிற ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் உங்களுக்குக் கமிஷன் வருகிறது. ஓட்டல் அறை. வீட்டுக்கு வரும் பரிசுப் பெட்டி. புதுச் சவாரி பற்றி முன்கூட்டியே கிடைக்கும் தகவல். இந்தக் கடைசி ஒன்றுக்கு ரசிகர்கள் எதையும் விட்டுக்கொடுப்பார்கள். காசால் மயங்காதவரைக்கூட ‘உங்ககிட்ட மட்டும்தான் சொல்றோம்’ என்ற ஒரு வார்த்தை மயக்கிவிடும்.

நம் ஆட்களுக்கே உரிய இன்னொன்று: சித்தி மகன் அங்கே வேலை செய்கிறான், பின்பக்க வழியாக ஏற்றிவிடுகிறான். இதை வெளியே சொன்னால் அவன் வேலை போகும். சொல்லாவிட்டால் நீங்கள் மறைக்கிறீர்கள். எனவே விமர்சனத்துக்குப் போகும் நாளில் அந்த உதவி வேண்டாம். தம்பியிடம் முன்பே சொல்லிவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டான்.

படி 3: அழைப்பு வந்ததும் கேட்க வேண்டியவை

வாட்ஸ்அப்பில் செய்தி வரும். ‘அண்ணா, அடுத்த வாரம் ஊடக நாள், குடும்பத்தோட நாலு பேர் வரலாம்.’ உடனே ‘ஓகே லா’ என்று தட்டிவிடாதீர்கள். முதலில் எழுத்தில் மூன்று விஷயங்கள் கேளுங்கள். என்னென்ன தருகிறீர்கள்? பதிலுக்கு என்ன எதிர்பார்க்கிறீர்கள், எத்தனை பதிவு, எந்தத் தேதிக்குள்? போடுமுன் உங்களிடம் காட்ட வேண்டுமா?

மூன்றாவது கேள்விக்கு ஆம் என்று வந்தால் அது விளம்பர வேலை. அதற்குரிய கூலியை வாங்கிக்கொண்டு விளம்பரம் என்றே போடலாம்; விமர்சனம் என்ற பெயர் மட்டும் கூடாது. பதில் இப்படி இருக்கட்டும்:

‘அழைப்புக்கு நன்றி. டிக்கெட்டை ஏற்கிறேன். நீங்கள் தந்தது என்று பதிவிலேயே சொல்வேன். எக்ஸ்பிரஸ் பாஸ் வேண்டாம். பிடிக்காததும் இருந்தால் எழுதுவேன். முன்கூட்டிக் காட்ட இயலாது.’

இந்த நான்கைந்து வரிக்குப் பிறகு அழைப்பைத் திரும்பப் பெறுகிற பூங்கா, உங்களிடம் என்ன எதிர்பார்த்தது என்பதைச் சொல்லிவிட்டது. அதற்கும் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு அசிங்கம் நடக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். ‘எனக்கு இவ்வளவு பின்தொடர்வோர், எட்டுப் பேருக்கு டிக்கெட் தாங்க, இல்லாட்டி பார்த்துக்கிறேன்’ என்று பூங்காவுக்கே மிரட்டல் விடுகிறவர்கள். இவர்களுக்கு இந்த வழிகாட்டி உதவாது.

படி 4: பூங்காவில் என்ன குறிக்க வேண்டும்

கைப்பேசியில் ஒரு குறிப்பைத் திறந்து வையுங்கள். வரிசையின் நுழைவில் பலகையில் போட்டிருக்கும் காத்திருப்பு நேரத்தைப் படம் எடுங்கள்; இருக்கையில் உட்கார்ந்ததும் மணி பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றே நல்ல விமர்சனம். செயலி வழியாக மெய்நிகர் வரிசை என்றால், எந்த நேரத்துக்கு இடம் கிடைத்தது, எத்தனை முறை முயல வேண்டியிருந்தது என்பதும் சேரட்டும்.

நின்றிருந்த சவாரிகளைப் பெயரோடு எழுதுங்கள். காலையில் நின்றதா, நாள் முழுக்கவா, நுழைவாயிலில் முன்பே சொன்னார்களா?

அடுத்தது செலவு. இங்கே பல பூங்காக்களில் மைகார்டு (மலேசிய அடையாள அட்டை) உள்ளவருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு வேறு விலை. உங்கள் வீடியோவைச் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பார்ப்பார்கள். உள்ளூர் விலையை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால் அவர்கள் வாசலில் திகைத்து நிற்பார்கள். லாக்கர், கார் நிறுத்தம், தண்ணீர் போத்தல், குழந்தைக்கு மிதவை, கெந்திங் என்றால் கேபிள் கார் கட்டணம் என்று எல்லாவற்றையும் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்குக் கூட்டிக் காட்டுங்கள். ரிங்கிட்டில் அந்த ஒரு எண்ணைத்தான் ரவாங்கிலும் கிள்ளானிலும் உட்கார்ந்து பார்க்கிற அப்பாமார்கள் தேடுகிறார்கள். டிரோன் காட்சியை யாரும் தேடவில்லை. சைவச் சாப்பாடு கிடைக்கிறதா, உள்ளே எத்தனை கடையில் என்பதையும் பாருங்கள். நம் வீடுகளில் வெள்ளிக்கிழமை விரதக்காரர் ஒருவராவது இருப்பார்.

மழையை விட்டுவிடாதீர்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மதியத்துக்கு மேல் இடியோடு கொட்டும். மின்னல் கண்டால் வெளிப்புறச் சவாரிகளை நிறுத்துவார்கள், அது சரியும்கூட. எவ்வளவு நேரம் நிறுத்தினார்கள், ஒதுங்க இடம் இருந்ததா, மீண்டும் எப்போது ஓடும் என்று சொன்னார்களா, டிக்கெட்டுக்கு ஏதாவது ஈடு உண்டா? ஊடக நாளில் பெரும்பாலும் பத்து மணிக்குத் தொடங்கி மதியச் சாப்பாட்டோடு முடித்துவிடுவார்கள். மூன்று மணி மழை அவர்கள் வீடியோவில் ஏன் பெய்வதில்லை என்று புரிகிறதா?

படி 5: எங்கே, எப்படிச் சொல்வது

‘நன்றி’ என்று போட்டுப் பூங்காவின் பெயரைக் கோப்பது அறிவிப்பு ஆகாது. ‘கொலாப்’ என்ற சொல்லும் யாருக்கும் எதையும் சொல்வதில்லை. வீடியோவின் கீழே விளக்கப் பெட்டியில் இருபதாவது வரியில் ஒளித்து வைத்ததும் கணக்கில் சேராது. யூடியூபில் கட்டண விளம்பரப் பெட்டியைக் குறியிட்டால் முதல் பத்து விநாடிக்கு ஒரு சின்ன வாசகம் தோன்றி மறையும். அதையும் செய்யுங்கள். ஆனால் பார்க்கிற அம்மாவுக்கு அது கண்ணில் படுமா?

வாயால், தமிழில், பாராட்டத் தொடங்குமுன் சொல்ல வேண்டும். இப்படி:

‘எங்கள் நான்கு பேருக்கும் டிக்கெட்டும் எக்ஸ்பிரஸ் பாஸும் பூங்காவே தந்தது. அதனால் எந்த வரிசையிலும் நாங்கள் நிற்கவில்லை. நீங்கள் நிற்க வேண்டியிருக்கும். சாப்பாடும் பெட்ரோலும் எங்கள் காசு. இந்த வீடியோவைப் போடுமுன் அவர்களிடம் காட்டவில்லை.’

இரண்டாவது வாக்கியத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். எதை வாங்கினோம் என்று சொன்னால் பாதி வேலை. அதனால் எதைப் பார்க்கவில்லை என்பதுதான் மீதி. தள்ளுபடிக் குறியீடு இருந்தால், ‘இதில் எனக்குக் கமிஷன் உண்டு’ என்பதைக் குறியீட்டைச் சொல்லும் அதே மூச்சில் சொல்லுங்கள். கையில் எக்ஸ்பிரஸ் பட்டை கட்டியிருந்தால் சட்டைக் கையை இழுத்து மறைக்காதீர்கள்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பயனீட்டாளரைத் தவறாக வழிநடத்துவதை மலேசியாவின் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. 2022இல் வந்த உள்ளடக்க நெறிமுறை, சமூக ஊடகப் பிரபலங்கள் விளம்பரத் தொடர்பை வெளிப்படுத்த வேண்டும் என்கிறது. இந்தியாவில் விளம்பரத் தர மன்றம் 2021இல் கொண்டுவந்த விதிகளில் இலவசப் பொருளும் பயணமும் ஓட்டல் தங்கலும்கூட வெளிப்படுத்த வேண்டிய தொடர்புதான். அமெரிக்காவில் 2009லேயே வலைப்பதிவர்களையும் இந்தக் கடமைக்குள் சேர்த்துவிட்டார்கள். பணமாக வராமல் பொருளாக வந்த வருமானத்துக்கும் வரி உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். பரிசு பெருகினால் கணக்காளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 6: சொன்னதோடு முடிந்ததா

முடியவில்லை. 1971இல் டென்னிஸ் ரீகன் என்ற உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். கேட்காமலே ஒரு கோக் வாங்கிக் கொடுத்த ஆளிடம், மற்றவர்கள் வாங்கியதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு லாட்டரிச் சீட்டுகளை மக்கள் வாங்கினார்கள். ஒரு கோக்குக்கே இவ்வளவு என்றால், பிள்ளைகளோடு ஒரு நாள் முழுக்க ராஜ மரியாதை வாங்கிக்கொண்டு வந்த பிறகு மனம் எந்தப் பக்கம் சாயும்?

2005இல் கெய்ன், லோவன்ஸ்டைன், மூர் என்ற மூன்று ஆய்வாளர்கள் கண்டது இன்னும் சங்கடமானது. ஒரு கண்ணாடிச் சாடியில் இருக்கும் நாணயங்களின் மதிப்பைச் சிலர் ஊகிக்க வேண்டும். சாடியை அருகில் பார்த்த வேறு சிலர் ஆலோசனை சொல்ல வேண்டும். ஊகம் கூடினால் ஆலோசகருக்கு லாபம். அந்த லாபத்தை வெளிப்படையாகச் சொன்ன ஆலோசகர்கள், சொல்லாதவர்களைவிட அதிகமாகவே மிகைப்படுத்தினார்கள். சொல்லிவிட்டோமே என்ற தெம்பு. கேட்டவர்களும் போதிய அளவு கழித்துக்கொள்ளவில்லை.

எனவே அறிவிப்பைப் பாவமன்னிப்புச் சீட்டாகப் பயன்படுத்தாதீர்கள். அழைப்பில் போனதை முதல் பார்வை என்று போடுங்கள். பிறகு சொந்தக் காசில், பள்ளி விடுமுறையில், சனி ஞாயிறாகப் பார்த்து இன்னொரு முறை போய், அதை மட்டும் விமர்சனம் என்று போடுங்கள். காசு இடிக்கும், தெரியும். இரண்டாவது பயணம் முடியாதென்றால் முதல் பதிவில் ‘பரிந்துரைக்கிறேன்’ என்ற சொல் வேண்டாம். பார்த்ததைச் சொல்லி நிறுத்துங்கள்.

படி 7: குறை சொன்ன பிறகு

முதலில் பாய்வது பூங்கா அல்ல, சக ரசிகர்கள். ‘நம்ம ஊர்ப் பூங்காவை நாமே குறை சொல்லலாமா?’ என்பார்கள். சங்கமாக இயங்குகிறவர்களிடம் பயமும் கலந்திருக்கும்: ஒருவர் எழுதியதற்காக அடுத்த முறை எல்லாருக்கும் கதவு திறக்காமல் போனால்? இந்தப் பயத்தைப் பூங்கா வாயைத் திறந்து சொல்ல வேண்டியதே இல்லை. உறுப்பினர்களே ஒருவரையொருவர் அடக்கிக்கொள்வார்கள். எனக்குத் தெரிந்து, மறைக்கப்பட்ட சலுகைகளில் மிகப் பெரியது இந்த வாய்ப்பூட்டுதான்.

சங்கத்துக்கு முன்நேர அனுமதி கிடைத்தால், உறுப்பினர் யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்று பூங்காவிடம் முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஊர்ப்பற்றுப் பேசுகிறவர்களுக்கு ஒரு தகவல். ஈப்போவில் 2017 ஜூனில் திறந்த மேப்ஸ் பூங்கா 2020 ஜனவரியில் மூடிவிட்டது. சொந்தக் காசு கொடுத்து இரண்டாவது முறை வருகிறவர்கள் இல்லாமல் எந்தப் பூங்காவும் நிலைக்காது. அவர்களை வரவழைப்பது திறப்பு விழா வீடியோவின் வேலை இல்லை.

குறையை நேரத்தோடும் இடத்தோடும் எழுதுங்கள். ‘மோசம்’ என்பதைவிட ‘இரண்டேகாலிலிருந்து நான்கு வரை நின்றது, அறிவிப்பு இல்லை’ என்பது வலுவானது. வெயிலில் எட்டு மணி நேரம் நிற்கும் சவாரி ஊழியரின் முகத்தைக் காட்டிக் கேலி செய்யாதீர்கள். வரிசையின் நீளத்தை அவர் தீர்மானிப்பதில்லை. பாதுகாப்புக் கோளாறு என்று சந்தேகப்பட்டால் முதலில் அங்கேயே மேலாளரிடம் சொல்லுங்கள், வீடியோ பிறகு.

படி 8: பழைய பதிவுகள்

யூடியூபில் பழைய வீடியோவுக்கும் கட்டண விளம்பரக் குறியை இப்போது போடலாம். விளக்கப் பெட்டியின் முதல் வரியையும் மாற்றலாம். வீடியோவையே திருத்த முடியாத தளங்களில், என்ன கிடைத்தது என்று ஒரு கருத்து எழுதி மேலே ஒட்டி வையுங்கள். காலாவதியான தள்ளுபடிக் குறியீடுகளை நீக்குங்கள். அதிகம் பார்க்கப்பட்ட பதிவிலிருந்து தொடங்குங்கள். நூறு பேர் பார்த்தது அடுத்த வாரம் வரை காத்திருக்கலாம்.